வேறு கதவில் அடித்த மணி

என் மூத்த அக்காளுக்கு மூன்று பிள்ளைகள். முதலாவது பெண், வாய் ஓயாதவள். கடைசிப் பையன் கப்பல் வேலைக்குப் போனவன், இப்போது எந்தக் கரையில் இருக்கிறான் என்று அவன் பெண்டாட்டிக்கே சரியாகத் தெரியாது. நடுவில் பிறந்தவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். வைத்த பெயரைச் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டதில்லை. பிறந்த உடனே அழாமல் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தானாம். பிரசவம் பார்த்த நர்ஸ், "சரியான அமுக்கு" என்றாள். அதுவே நின்றுவிட்டது. அக்காள் வீட்டுக்காரரின் அண்ணன் ஒருவர் இருந்தார், தனக்குப் பெண் பார்த்து முடித்ததைக் கூடப் பிறந்த தம்பிக்கே சொல்லாதவர். அந்த ரத்தம்தான் இவனிடமும் ஓடுகிறது.

அமுக்கு படித்து, கம்ப்யூட்டரை உள்ளே இருந்து நடத்துகிற புரோகிராம், ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்களே, அதை எழுதுகிற கம்பெனியில் சேர்ந்தான். நான் கண் ஆபரேஷனுக்காக அவன் வீட்டில் தங்கியிருந்தேன். வாரத்தில் பாதி நாள் அவன் வீட்டிலேயே வேலை பார்ப்பான். சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருக்கிற எனக்குப் பொழுது போகவேண்டுமே, "என்னதான்டா பண்றே?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள வேலை செய்ற ஆளுங்களுக்கு ப்ராசஸர்னு பேரு சித்தி. பெரிய மெஷின்ல நூத்துக்கணக்குல இருப்பாங்க. டிஸ்க்கு தன் வேலையை முடிச்சதும் அவங்கள்ல ஒருத்தரோட கதவு மணியை அடிக்கும். அதுதான் இன்டரப்ட். எந்தக் கதவுன்னு நாங்க முன்னாடியே நம்பர் எழுதி வெச்சிடுவோம். ஆனா எழுதுற இடம் சின்னது, இருநூத்தி அம்பத்தஞ்சுக்கு மேல கொள்ளாது."

"அதுக்கு மேல இருக்கிறவங்களுக்கு?"

"நடுவுல ஒரு அட்டவணை இருக்கும். அதைப் பார்த்து மணி சரியான கதவுக்குத் திரும்பிடும். ரீமேப்பிங்னு பேரு. ஆனா எங்க சிஸ்டம் பல இடத்துல வாடகைக்குத்தான் குடியிருக்கு. ஹைப்பர்வைசர்னு ஒரு வீட்டுக்காரர். ஒரே மெஷினைப் பல பேருக்குப் பிரிச்சு விட்டிருப்பார். ஒவ்வொரு குடித்தனக்காரனும் முழு வீடும் தன்னுதுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பான். அங்க அட்டவணையை நம்ம கண்ணுல காட்ட மாட்டார். அதையெல்லாம் அவரே பார்த்துக்குவார்."

அந்தக் கடைசி வார்த்தையை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான்.

அவன் பெண்டாட்டிக்கு ஒரே தம்பி. அம்மா போனபோது கைக்குழந்தை. என் மருமகள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அதனால் எங்களுக்கெல்லாம் அவன் சின்னவன். அமுக்கு இருந்த ஆபீசிலேயே அவனும் சேர்ந்திருந்தான். எழுதி முடித்த சிஸ்டத்தை ஓட்டிப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்கிற வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மாதக் கடைசியில் சொல்கிறோம் என்றிருந்தார்கள்.

ஒருநாள் காலை மீட்டிங். அமுக்கு இங்கே மேஜையில், மற்றவர்களெல்லாம் ஆபீஸ் அறையில். லேப்டாப்பில் குரல்கள் வந்துகொண்டிருந்தன. சின்னவன் பேசினான்.

"ஹைப்பர்வைசருக்குக் கீழ பெரிய மெஷின்ல ஓட்டினா டிஸ்க் திடீர்னு பேச்சை நிறுத்திடுது. அதே நேரத்துல சம்பந்தமே இல்லாத ஒரு ப்ராசஸர்ல யாரும் எதிர்பார்க்காத மணி ஒண்ணு அடிக்குது. ரெண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்குன்னு தோணுது."

"இது உங்க பகுதியாச்சே, என்ன சொல்றீங்க?" என்று அமுக்கைக் கேட்டாள் அவர்களுடைய தலைவியம்மா.

"என் மெஷின்ல ஒரு தடவைகூட நின்னதில்ல" என்றான் அமுக்கு. அதோடு விட்டிருக்கலாம். "மாப்ள, டிஸ்க் தூங்கல. நீதான் தூங்கி எழுந்து, கனவுல கேட்ட மணியை வந்து சொல்றே."

வாயே திறக்காதவன் தமாஷ் பண்ணினால் சிரிப்பு இரண்டு பங்காக வரும். அந்த அறை அதிர்ந்தது. கட்டைக்குரல்காரன் ஒருவன் மேஜையைத் தட்டிச் சிரித்தது எனக்கே கேட்டது. அமுக்கும் சிரித்தான். தன்னால் இத்தனை பேரைச் சிரிக்கவைக்க முடிகிறதே என்ற சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருந்தது. சமையலறையில் குழாய் நின்றது.

மீட்டிங் முடிந்ததும் மருமகள் வந்தாள். "நாலு பேர் முன்னாடி என் தம்பியை ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"சும்மா தமாஷ்."

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு தமாஷ் பண்ணதில்ல. முதல் தமாஷே அவன் தலையிலதானா?"

அன்றிலிருந்து ஆபீசில் சின்னவனுக்குத் தூக்கம் என்று பெயர். "தூக்கம் வந்தாச்சா?", "தூக்கத்துக்கு ஒரு காபி." பெரிய மெஷினையும் அவன் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

என் கண்கட்டை அவிழ்த்த வாரம், பஸ் டிக்கெட் விற்கிற ஒரு கம்பெனியில் இவர்கள் சிஸ்டம் ஓடிய மெஷின் நின்றுபோனது. அமுக்கு மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான். மறுபடியும் போய்க் கழுவிவிட்டு வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"மணி அடிச்சிருக்கு சித்தி. முன்னூறாம் நம்பர் கதவுக்கு அனுப்பினது, நாப்பத்தி நாலாம் நம்பர் கதவுல அடிச்சிருக்கு."

பெரிய நம்பர் அந்தச் சின்ன இடத்தில் கொள்ளாமல் தலை வெட்டுப்பட்டு, பூஜ்யத்தையும் சேர்த்த இருநூற்று ஐம்பத்தாறு போக மிச்சம் நின்ற நம்பருக்கு மணி போயிருக்கிறது. முன்னூறாவது ஆள் மணிக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஹைப்பர்வைசர் என்கிற அந்த வீட்டுக்காரர் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை, அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. முன்பு வேலை பார்த்த ஒருவர், ஹைப்பர்வைசருக்குக் கீழே பெரிய நம்பர்களுக்கு மணியை அனுப்பாதே என்று அங்கே ஒரு காவல் போட்டு வைத்திருந்தார். தேவையில்லாத குப்பை என்று நினைத்து அதை எடுத்தெறிந்தது அமுக்குதான். அவன் ஓட்டிப் பார்த்த மெஷினில் ஆட்கள் கம்மி, அதனால் தெரியவில்லை.

"அப்போ சின்னவன் சொன்னது?"

அமுக்கு லேப்டாப்பை மூடினான்.

அன்றைக்கே அந்தக் காவலைத் திரும்பப் போட்டுவிட்டான். ஆனால் போட்ட விதத்தைக் கேளுங்கள். பத்து இடங்களில் எழுத்துப்பிழை திருத்தி, வரிகளை நேர்பண்ணி, அந்தச் சில்லறைக்கு நடுவில் இதையும் சொருகி, மேலே 'சிறு சுத்தம்' என்று எழுதி அனுப்பினான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத்தான் உள்ளே விடவேண்டுமாம். கட்டைக்குரல்காரன் மேலே எழுதியதை மட்டும் பார்த்து விட்டுவிட்டான். மெஷின் நிற்பது அடியோடு போய்விட்டது.

அதற்கு ஆபீசில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "தூக்கத்துகிட்டேருந்து வாங்கினதும் மெஷின் முழிச்சுக்கிச்சு பார்."

சின்னவன் இதைத் தன் அக்காளிடம் போனில் சொல்லியிருக்கிறான். அவள் அதைச் சாப்பாடு பரிமாறும்போது என்னிடம் சொன்னாள். அமுக்கு தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது. நான் அவனையே பார்த்தேன். நான் பார்ப்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு வாரம் அப்படியே போனது. பெண்டாட்டி எதிரே வந்தால் பால்கனிக்குப் போவான், பால்கனிக்கு அவள் துணி காயப்போட வந்தால் உள்ளே வருவான். கண்ணாடி பார்த்து ஷேவ் பண்ணுகிறவன் தடவிப் பார்த்தே பண்ணிக்கொண்டு கன்னத்தைக் கீறிக்கொண்டான். கடைசியில் ஒரு மத்தியானம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றான்.

"உன் தம்பி சொன்னது சரிதான். தப்பு என்னுது."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். "எப்போ தெரிஞ்சுது?"

"போன வாரம்."

மடித்த சட்டையை உதறிவிட்டு மறுபடியும் மடித்தாள். "அவன்கிட்ட சொன்னீங்களா?"

"எல்லாருக்கும் எழுதி அனுப்பிடறேன்."

எழுதினான். ஒளிவுமறைவு இல்லாமல்தான் எழுதினான். சாயங்காலம் சின்னவன் வந்தான். "உள்ள வாடா" என்று அக்காள் கூப்பிட்டும் வாசலைத் தாண்டவில்லை.

"படிச்சேன் அத்தான்."

"எல்லாருக்கும் போயிருக்கு மாப்ள."

"அன்னிக்கு எழுதி அனுப்பியா சிரிச்சீங்க?"

அமுக்கு வாசல் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான்.

"பாதிப்பேர் அதைத் திறக்கவே இல்ல. இன்னிக்கும் லிஃப்ட்ல ஒருத்தன் தூக்கம்னுதான் கூப்பிட்டான். அந்த ரூம்ல, அவங்க காதுல விழுந்தாத்தான் அது அவங்களுக்குத் தெரியும்." போய்விட்டான்.

மறுநாள் வீட்டில் வேலை பார்க்கவேண்டிய நாள். அமுக்கு சட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினான். அங்கே நடந்ததைச் சின்னவன் பிறகு அக்காளிடம் சொன்னான், அவள் என்னிடம் சொன்னாள். எல்லாரும் உட்கார்ந்திருக்க இவன் மட்டும் நின்றானாம். தலைவியம்மா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். குடிக்கவில்லை.

"அந்தக் காவலை எடுத்தது நான். ஹைப்பர்வைசர் பார்த்துக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன், யாரையும் கேக்கல. இவன் கண்டுபிடிச்சான். நான் கனவுன்னு சொல்லிச் சிரிக்கவெச்சேன். அப்புறம் தெரிஞ்சும், சிறு சுத்தம்னு மேல எழுதி மறைச்சு அனுப்பினேன்."

"தெரிஞ்ச உடனே ஏன் சொல்லல?" என்று கேட்டாள் தலைவியம்மா.

"வெக்கமா இருந்துச்சு."

சிரிக்க ஆளில்லை. படிக்காமல் உள்ளே விட்ட கட்டைக்குரல்காரன் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைவியம்மா சின்னவன் பக்கம் திரும்பி, "அந்த மணியை எப்படிப் பிடிச்சே, சொல்லு" என்றாள். அவன் எழுந்து போய்ப் பலகையில் படம் போட்டு விளக்கினான். ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். அமுக்கை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவனாகவும் உட்காரவில்லை. விளக்கி முடிகிறவரை நின்றான்.

மாதக் கடைசியில் சின்னவனுக்கு வேலை நிரந்தரம் ஆனது. ஆன கையோடு வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்டான், கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் நான் மறுபடி அங்கே போயிருந்தபோது, சின்னவன் தன் அக்காளைப் பார்க்க வந்தான். அமுக்கு தானே எழுந்து தட்டு எடுத்து மேஜையில் வைத்து, "உக்காரு மாப்ள" என்றான்.

"இருக்கட்டும் சார்."

"வீட்ல என்னடா சார்?"

"ஆபீஸ் பழக்கம் சார்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அமுக்கு சிரிக்கவில்லை. போட்ட தட்டை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். காது மடல் வரை சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவன் உட்கார்ந்தான், அந்தத் தட்டுக்கு முன்னால் இல்லை, என் பக்கத்தில். அமுக்கு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தான்.