அவள் மூக்கை நீட்டிய முகமூடி

பெண்டாட்டி மேல் சந்தேகப்படுகிறவனை ஊர் கேலி செய்யும். நாய் மேல் சந்தேகப்பட்டவனை என்ன செய்யும் என்று தெரியவில்லை. அந்த ஆள் நான்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலியில் மோப்ப நாய்ப் பிரிவு ஒன்றில் நான் ஹேண்ட்லர். ஒரு நாய்க்கு இரண்டு பேர் உண்டு. முதல் ஹேண்ட்லர்தான் சோறு வைப்பான், குளிப்பாட்டுவான், வேலைக்குக் கூட்டிப் போவான். இரண்டாம் ஹேண்ட்லர் அவன் இல்லாத நாளுக்கு. என் நாய் கறுப்பு லாப்ரடார் பெட்டை. குட்டியாக என் மடியில் உட்கார்ந்து, வழியெல்லாம் என் பேன்ட்டில் மூத்திரம் பெய்துகொண்டே வேனில் வந்தவள். நான் அவளுக்கு முதல் ஆள். இரண்டாம் ஆள் ஒரு வள்ளியூர்க்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அதிர்ந்து பேசமாட்டான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, என் கால் முறிகிறவரை.

மாடிப்படியில் வழுக்கி விழுந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தேன். திரும்பிப் போன அன்று கூண்டைத் திறந்ததும் பாய்ந்து வந்து என் முகமெல்லாம் நக்கினாள். நக்கி முடித்துவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தாள். இவரோடு போகலாமா என்று கேட்பது போல ஒரு பார்வை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"நாய்க்காவ சக்களத்திச் சண்ட போடுத ஆம்பளைய இப்பதான் பாக்கேன்."

சிரித்தால் சிரிக்கட்டும். நான் என் வேலையை ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் ஒரு பயிற்சி உண்டு. வேற்று ஆள் தின்பண்டம் நீட்டினால் நாய் வாங்கக் கூடாது; எவனாவது விஷம் வைத்துவிடுவான். அதற்காக, தெரியாத ஆள் ஒருவரைத் தின்பண்டம் நீட்டச் சொல்லி, வாய் வைக்கப் போனால் அதட்டிப் பழக்குவோம். நான் அந்தத் தெரியாத ஆளாக அவனையே நிறுத்தினேன். தினமும் காலையில் அவன் அவித்த முட்டையை நீட்டவேண்டும், அவள் எட்டிப் பார்த்தால் நான் அதட்டுவேன். சட்டப்படி தப்பே இல்லை. பத்து நாளில் அவன் கை நீண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான், நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆக்சிஜன் பை வந்தது. முதுகில் மாட்டுகிற பை, உள்ளே சின்ன சிலிண்டர் ஒன்று, இரண்டு குழாய். ஒன்றின் முனையில் மனுஷருக்கான முகமூடி. இன்னொன்றில் நாயின் நீள மூக்குக்கென்று புனல் மாதிரி ஒன்று, ஓரத்தில் ரப்பர் வளையம். புகையிலோ விஷவாயுவிலோ மாட்டிக்கொண்டால் நாயும் ஆளும் ஒரே சிலிண்டரில் மூச்சு விடலாம். நாய் தானாக அதற்குள் மூக்கை விட வேண்டும், அதுதான் பாடு. மயங்கப் போகிற நாயை மல்லுக்கட்டி அமுக்கினால் இருக்கிற மூச்சும் போய்விடும்.

நான் நீட்டினால் அவள் மூக்கை விடவில்லை. பை என் பொறுப்பு என்பதால் தினமும் முகமூடியை மருந்து போட்டுப் பளபளவென்று கழுவி, உள்ளே கோழி ஈரலைத் தடவி நீட்டுவேன். நாக்கால் ஈரலை வழித்துவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு நாள் மதியம் கொட்டகைப் பக்கம் போனால், அவன் குத்தவைத்து உட்கார்ந்து அதே முகமூடியைப் பிடித்திருக்கிறான். அவள் கண் வரைக்கும் மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு வாலை ஆட்டுகிறாள். ஆத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டேன். திருட்டுத்தனமாக என்னத்தையோ தடவியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி காதுக்கும் விஷயம் போய்விட்டது. கூப்பிட்டு நேராகச் சொன்னார்.

"வே, அடுத்த வாரம் சேரன்மகாதேவில ஒத்திகை. அங்கன எல்லாரும் பாக்க ஒம்ம கையில அவ முகமூடி போடணும். போடலேன்னா அவனத்தான் முதல் ஹேண்ட்லரா எழுதுவேன். உசுரு விஷயம், கோவிச்சுக்கிடாதயும்."

எழுதினால் அவள் என் நாய் இல்லை. அவ்வளவுதான். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒத்திகை நடந்தது வயல்களுக்கு நடுவே பூட்டிக் கிடந்த ஒரு அரிசி ஆலையில். உள்ளே புகை டப்பாக்களைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். நானும் அவளும் உள்ளே போய், ஒளித்து வைத்த வைக்கோல் பொம்மையைக் கண்டுபிடித்து ஐந்து நிமிஷத்தில் வெளியே வரவேண்டும். வாசலில் வைத்து என் கையால் அவளுக்கு முகமூடி. என் இடுப்பில் கயிறு, மறுமுனை வெளியே ஆக்சிஜன் பையோடு நிற்கிற அவன் கையில். அவன் இழுத்தால் நான் பதிலுக்கு இழுக்கவேண்டும். பதில் இல்லையென்றால் ஆபத்து என்று அர்த்தம். பந்தலில் நாற்காலி போட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பொம்மையை அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். வாசலைப் பார்த்து இழுத்தாள். நான் போகவில்லை. இன்னும் கொஞ்சம் புகையைக் குடித்தால், வெளியே போனதும் தானாக முகமூடிக்குள் மூக்கை விடுவாள் என்று நினைத்தேன். ஆமாம், அதைத்தான் நினைத்தேன். வாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் இருமினாள். கயிறு இழுபட்டபோதெல்லாம் பதிலுக்கு இழுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன்.

புகை டப்பா ஒன்றிலிருந்து மூலையில் கிடந்த பழைய சாக்கும் உமியும் பற்றிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. புகை மேலேதான் அடர்ந்து நிற்கும். தரையோடு நின்றவளுக்குக் காற்று இருந்தது, நின்றுகொண்டிருந்த எனக்கு இல்லை. முட்டி மடங்கி விழுந்தேன்.

கண் இருட்டியும் தெளிந்தும் கிடந்தது. என் நெஞ்சில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி அவள் நிற்கிறாள். ஒத்திகைக்கு வந்திருந்த தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் முகத்தை மூடிக்கொண்டு வருகிறார்கள். பல்லைக் காட்டி உறுமுகிறாள். முன்னே வந்தவர் பின்வாங்குகிறார். வேற்றுக் கையை நம்பாதே என்று நானே பழக்கியதுதானே. வெளியே கைதட்டல் கேட்டது. பந்தலில் இருந்தவர்கள் உறுமலைக் கேட்டு, நாயின் விசுவாசத்தைக் காட்டுகிற காட்சி என்று நினைத்திருக்கிறார்கள்.

அப்போது பையை மாட்டிக்கொண்டு அவன் தவழ்ந்து வந்தான். அதட்டவில்லை, வாரைப் பிடிக்கவில்லை. சிலிண்டரைத் திறந்து, புனலை அவள் பக்கம் நீட்டினான்.

"பைய வா தாயி. பைய வா."

அவள் என்னைப் பார்த்தாள், புனலைப் பார்த்தாள். என் நெஞ்சிலிருந்து காலை எடுத்துவிட்டு அதற்குள் மூக்கை விட்டாள். இன்னொரு முகமூடி என் வாயில் அமுங்கியது. செத்துப் பிழைக்கிற அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பு, என்னை விட்டுவிட்டு அவனிடம் போய்விட்டாளே என்பதுதான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். அவளுக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிட்டாள் என்றான். எனக்குத் தொண்டை புண்ணாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"ஏலே, உண்மையச் சொல்லு. உள்ள என்னத்தத் தடவுன?"

"ஒண்ணும் தடவல அண்ணாச்சி. நீங்க மருந்து போட்டுக் கழுவுவிய. மோப்ப நாய்க்கு அந்த வாட ஆகுமா? நான் பச்சத்தண்ணியில கழுவி, ஒங்க பனியனால தொடைப்பேன்."

"எந்தப் பனியன்?"

"கால் முறிஞ்சப்போ அலமாரியில விட்டுட்டுப் போனிய பாருங்க, அழுக்குப் பனியன். நீங்க இல்லாம மூணு நாள் அவ வாயில பச்சத்தண்ணி படல. அந்தப் பனியனத் தட்டுப் பக்கத்துல போட்ட பொறவுதான் சோறு தின்னா. முகமூடிக்கும் அதத்தான் செஞ்சேன். நேத்து ஒங்க வாட அடிச்சதுனாலதான் மூக்க விட்டா."

சுவரைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றுதான் அவளை உள்ளே நிறுத்தி வைத்தேன் என்று சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி. நாலு தடவ கயித்த இழுத்தேன். முதல் மூணுக்கும் பதில் வந்துச்சே." பழத்தை உரித்து என் கையில் வைத்தான். "நான் யாருட்டயும் சொல்லல."

அதிகாரி பார்க்க வந்தபோது நானே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ஹேண்ட்லராக அவனையே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டார்.

இப்போது நான் அவளுக்கு இரண்டாம் ஆள். வாரத்துக்கு ஒரு நாள் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு, மைதானத்தை வேர்க்க விறுவிறுக்கச் சுற்றி வந்து, கழற்றி அவனிடம் கொடுக்கிறேன். அவன் முகமூடியைத் துடைத்து நீட்டுகிறான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை உள்ளே விடுகிறாள். வேர்வை என்னுடையதுதான். கை அவனுடையது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன், வயிறு எரியத்தான் செய்கிறது.