பிரீதர் குழாயில் ஒரு வெட்டுக் காசு

சூடான சைலன்சர் மேல் ஆயில் சொட்டினால் ஒரு வாசனை வரும்... கருகலும் இனிப்பும் கலந்தது. அது மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் குப்புசாமி அண்ணனின் டிராக்டர்தான் ஞாபகம் வரும். நண்பர்களே, இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

பரமத்தி ரோட்டில் நான் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டு மூன்று மாசம்கூட ஆகவில்லை. ஒரு தகரக் கொட்டகை, என்ஜினைத் தூக்க ஒரு செயின் பிளாக், நிறையத் திமிர். குப்புசாமி அண்ணன் பக்கத்து ஊரில் காடு தோட்டம் உள்ளவர், ஐம்பது வயசு இருக்கும். பழைய டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினுக்குப் பின்னால் ஆயில் ஒழுகுகிறது என்றார்.

என்ஜினை டீசலில் கழுவித் துடைத்து, முகப் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓடவிட்டேன். வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கிருந்து இறங்குகிறதோ அங்கேதான் கசிவு. பின்பக்க ஆயில் சீல், அதாவது ஆயிலை வெளியே விடாமல் பிடிக்கும் ரப்பர் வளையம். வண்டியை இரண்டாகப் பிரித்து மாற்றிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் திரும்பி வந்தார். பின்னால் சொட்டு இல்லை... முன்னால் ஒழுகியது.

முன் சீலை மாற்றினேன். அடுத்த வாரம் என்ஜின் தலையை மூடும் டேப்பட் கவரில் கசிந்தது. அதற்கும் புது பேக்கிங் போட்டேன். அப்புறம் ஆயில் அளவு பார்க்கும் கம்பி வழியாகவே பீய்ச்சியது. பட்டப்பகல்தான், ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று நான் அடைப்பதைப் பார்த்துவிட்டு வேறு வழி தேடுகிறது என்று தோன்றியது.

அண்ணன் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தரையில் தேங்கிய ஆயிலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, இதை ஆராச்சும் ஏவி உட்டிருப்பாங்களா?"

அப்போதுதான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது என் புத்திக்கு எட்டியது. என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேற பிரீதர் குழாய் என்று ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் இளைத்ததோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். அரிச்சுவடியையே கோட்டை விட்டிருந்தேன்.

குழாயைக் கழற்றிக் கம்பியை விட்டுக் குத்தினேன். மண்ணும் ஆயிலும் சேர்ந்து இறுகிய கட்டி ஒன்று விழுந்தது. டீசலில் அலசினால் மஞ்சள் துணி. அதில் ஒரு முடிச்சு. பிரித்தால்... நேர் பாதியாக வெட்டிய ஒரு ரூபாய்க் காசு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அநியாயத்துக்கு ஆளானவர்கள், வேறு போக்கிடம் இல்லாதபோது, செய்தவன் பேரைச் சொல்லிக் கோயிலில் காசை வெட்டிப் போடுவார்கள். அதற்கப்புறம் சாமி பார்த்துக்கொள்ளும். ஆனால் என்ஜினுக்குள் வைத்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க நங்கையா வெச்சதுங் தம்பி."

நங்கையா என்றால் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. டிராக்டர் குப்புசாமி அண்ணனின் கூடப்பிறந்த மூத்தவர் வாங்கியது. அந்த மூத்தவர் செத்ததும் வண்டியையும் காட்டையும் இவர் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவை இரண்டு பெண் குழந்தைகளோடு ஜேடர்பாளையத்தில் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரே எல்லாவற்றையும் கொட்டினார்.

மறுநாள் காலையில் அந்த டிராக்டரிலேயே ஜேடர்பாளையம் போனோம். தனியாகப் போக பயந்து என்னையும் கூப்பிட்டிருந்தார். அந்த அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் சாவியையும் பாதிக் காசையும் நீட்டி, வண்டியும் பாதிக் காடும் உங்களுக்கே, சாபத்தை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழுதார்.

அந்த அம்மா சாவியை வாங்கிக்கொண்டார். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ர காசு இல்லீங்க. நானு எந்தக் கோயல்லயும் காசு வெட்டலீங்க. வேற ஆருதுன்னு நல்லா ரோசன பண்ணிப் பாருங்க."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அண்ணன் காசைத் திரும்ப வாங்கி வேட்டியில் முடிந்துகொண்டார்.

அந்த வருஷம் முழுக்க அவர் பஸ் ஏறிப் போய், வீடு வீடாக அந்தக் காசைக் காட்டி, இது உங்களுடையதா என்று கேட்டார். இளம்பிள்ளையில் ஒரு தறிக்காரர், ஆத்தூர்ப் பக்கம் ஒரு கூலிக் குடும்பம், சொந்தத்திலேயே நாலைந்து வீடு... ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏன் கேட்கிறீர்கள் என்றும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இப்போது என் ஒர்க்‌ஷாப்பில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டரை மாட்டினால் கோளாறைத் திரையிலேயே காட்டுகிற டிராக்டர்கள் வருகின்றன. பழைய வண்டி வந்தால் மட்டும் பிரீதர் குழாயை நானே கழற்றுவேன். கம்பியை விடும் முன் கை ஒரு நிமிஷம் நிற்கும். ரெண்டு மூணு முகங்கள் வந்து போகும்.

அன்றைக்கு எனக்கு இருபத்தேழு வயசு. யாருக்கும் கெடுதல் செய்ய வாய்ப்பே கிடைக்காத வயசு. அந்த முடிச்சைக் கூச்சமில்லாமல் பிரித்தேன். இன்றைக்கு அப்படி ஒன்று வந்து விழுந்தால், பிரிக்க எனக்குத் தைரியம் வராது.