துவர்த்துக்காரன்

நெய்யாற்றுக் கடவு ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாளே ஒரு இங்கிலீஷ் உத்தரவு வந்தது. ஓடம் அடுக்கும் அந்தக் கடவில் 'லைஃப் கார்டு' போட வேண்டும். ஆற்றில் முங்குகிறவர்களைக் காப்பாற்றும் ஆள் என்று ஓவர்சியர் சாருக்குச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். படித்த திமிர் விடவில்லை. அகராதியைப் புரட்டினேன்.

"சார், அது பண்டு ராஜாவுக்க மெய்க்காவல் படைக்குள்ள பேராக்கும். பொறவுதான் தண்ணிக்கு வந்திருக்கு."

"ராஜாவுக்க காவலா? அப்போ காக்கியும் விசிலும் வேணுமில்லியா!"

மணல் வாரும் செல்லையன் அண்ணனுக்கு அந்த வேலை கிடைத்தது. முன்பே பலரைக் கரையேற்றியவர். காக்கியில் அவர் கடவில் நின்ற அன்று, ஓடத்துக்கு வந்தவர்கள் பாதி வழியிலேயே திரும்பினார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை.

எல்லைப் போராட்டக் காலம் அது. எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கோஷம் போட்டவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது.

திடீரென்று மூங்கில் வளைவிலிருந்து அலறல். ஓடத்தை விட்டுவிட்டு அங்கே ஆழமான கயத்தில் இறங்கிக் கடக்கப் பார்த்திருக்கிறாள் தினமும் ஓடத்தில் போகிற தங்கம்மை, தலையில் மரச்சீனிக் கிழங்குக் கூடையோடு. கூடை மட்டும் மிதந்து போனது.

செல்லையன் அண்ணன் காக்கிச் சட்டையைக் கழற்றி எறிந்தார். இடுப்பில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை உருவிக்கொண்டு குதித்தார். முங்குகிறவருக்கு அவர் கை கொடுக்கவே மாட்டார். கொடுத்தால் இரண்டு பேரும் போவார்கள். துவர்த்தின் ஒரு நுனியை வீசுவார். தங்கம்மை பிடித்துக்கொண்டாள்.

கரையில் இருமி இருமித் தண்ணீரைக் கக்கியவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சீறினாள்: "துவர்த்துக்கார அண்ணனா? போலீசுண்ணுல்லா பயந்தேன்! எனக்க மாப்பிளையத் தேடிட்டுத் திரியுதானுவ!"

"நான்தான் மக்கா. இனி கடவுக்கே வா."

அவளைக் கொல்லப் பார்த்தது என் அகராதிதான். வெட்கமாக இருந்தது. ஓவர்சியர் சாரிடம் போய், காக்கி வேண்டாம், கடவில் ஒரு போர்டு போதும் என்றேன்.

"ரூல் உண்டேடே!" என்று கத்தினார். நடந்ததைச் சொன்னேன். "காக்கி கெடக்கட்டு. போர்டுல என்ன வேணுமெங்கிலும் எழுது. நான் பாக்கல்ல," என்றார்.

'துவர்த்துக்காரன் இங்கே உண்டு' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதினேன். தமிழ்ப் பலகையில் ஒரு கட்சியாரும் மலையாளப் பலகையில் மறு கட்சியாரும் தார் பூசிய காலத்தில், இந்தப் பலகையை யாரும் தொடவில்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வேலைக்குப் பெயர் வைக்கும் முன், மூக்கில் தண்ணீர் ஏறும்போது ஜனங்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பலகை வைத்த மறுவாரமே தங்கம்மை ஓடத்தில் வந்தாள், புதுக் கூடையோடு.