ஒரு தியேட்டரில் இரண்டு டிம்மர்

1. விசில்

தியேட்டரில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே நான் ஹால் லைட்டை மெயின் ஸ்விட்சில் அணைத்துத் தொலைத்தேன். அவ்வளவுதான். தரை டிக்கெட்டிலிருந்து பால்கனி வரைக்கும் ஒரே விசில். கரண்ட் கட் என்று நினைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் எழுந்து டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் போய்விட்டார்கள், காசைத் திருப்பிக் கேட்க.

முதலாளி ரங்கநாதன் மேலே ஓடி வந்தார்.

"ஏன்டா தாவூது, உனக்கு அறிவு இருக்கா? லைட்டு மெதுவா இறங்கணும்டா! மலைக்குப் பின்னாடி சூரியன் இறங்குதே, அந்த மாதிரி. அப்பதான் ஜனங்க வாயை மூடுவாங்க."

எழுபதுகளில் திருவண்ணாமலையில் சினிமா என்றால் அப்படித்தான். மூன்றாவது மணி அடிக்கும், திரை மேலே போகும், லைட் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். மங்க வைக்கிற சாமான்தான் டிம்மர். எங்களுடையது வயர் சுற்றின ரெசிஸ்டன்ஸ் டிம்மர். பீரோ உயரம் இரும்புச் சட்டம், அதற்குள் சுருள் சுருளாகக் கம்பி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஆபரேட்டர் ரூமில் ஒரு மூலை பூரா அதற்குத்தான். அதற்கு நாங்கள் வைத்த பேர் 'பெரியவர்'. ஹால் லைட் எரிகிற நேரமெல்லாம் பெரியவர் தோசைக்கல் மாதிரி கொதிப்பார். கரண்டில் பாதியைச் சூடாகவே தின்றுவிடுவார்.

ஆபரேட்டர் கோவிந்தசாமி அண்ணனுக்கும் அவருக்கும்தான் ரொம்ப நெருக்கம். அண்ணன் தினமும் அதைத் துடைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். மத்தியானம் ஆனால் ரூம் கதவையும் சாத்திக்கொள்வார். தொழில் பக்தி என்று நான் நினைத்தேன். பைத்தியக்காரன் நான்.

2. சோப்பு டப்பா

எண்பதுகள் தொடங்கின சமயம், முதலாளியின் மச்சான் மெட்ராஸிலிருந்து ஒரு புது டிம்மர் வாங்கி வந்தார். எலக்ட்ரானிக். சோப்பு டப்பா அளவுதான் இருந்தது, நடுவில் ஒரு திருகு. சூடே கிடையாது, கரண்டும் கம்மி. முதலாளி அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தாவூது, இதை மாட்டு. நல்லா வேலை செஞ்சா உன்னை பர்மனென்ட் பண்ணிடறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வருஷமாக டெம்பரரி. கீழ்பென்னாத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்த உசேன் மாமு தன் மகளை எனக்குக் கொடுக்கலாமா என்று அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தார். "பையன் நல்ல பையன்தான், ஆனா வேலை நிரந்தரமில்லையே" என்று அங்கேயே நின்றிருந்தது பேச்சு. பெண்ணை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அது போதும் எனக்கு.

மாட்டினேன். பெரியவரைக் கழற்றி இறக்க நாலு ஆள் வேண்டும், அதனால் லைனை மட்டும் துண்டித்துவிட்டு அவரை மூலையிலேயே விட்டுவிட்டேன். காலையில் டிரையல் பார்த்தோம். அடடா! வெண்ணெய் மாதிரி இறங்கியது லைட். முதலாளி கைதட்டினார்.

மேட்னி ஷோவுக்கு கேட் திறந்தோம். ஹால் லைட் எல்லாம் படபடவென்று துடிக்க ஆரம்பித்தது.

3. சாமி வந்த கதை

அன்றைக்கு ஓடியது அம்மன் படம். லைட் துடித்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டு எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார். ரெண்டு பேர் கற்பூரம் தேடி ஓடினார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

முதலாளி என் காதில் சொன்னார்: "அம்மன் படத்துக்கு இருக்கட்டும்டா. அடுத்த வாரம் சண்டைப் படம். அதுக்குள்ள சரி பண்ணு."

மறுநாள் காலையில் டிரையல் பார்த்தேன், துடிக்கவில்லை. மத்தியானம் துடித்தது. அடுத்த நாளும் அதே கதை. நியூட்ரல் வயரை இறுக்கினேன். பல்பை மாற்றினேன். ஓரச் சுவரில் இருந்த ட்யூப்லைட்டை எல்லாம் பிரித்துத் தனி லைனில் போட்டேன். கீழே ஸ்விட்ச் போர்டில் வோல்டேஜ் பார்த்துப் பார்த்து மீட்டர் முள்ளே தேய்ந்திருக்கும். காலையில் தங்கமாக இருக்கிற சாமான் மத்தியானம் எப்படிக் கெடும்? எனக்கே பயமாகிவிட்டது.

கோவிந்தசாமி அண்ணன் மட்டும், "புதுசு அப்படித்தான் தாவூது, பழகணும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். "நாளைக்கும் துடிச்சா நான் வேலூர்லேர்ந்து ஆள் கூப்பிட்டுக்கறேன். நீ உன் வழியைப் பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உசேன் மாமுவும் வந்தார். "நான் சினிமா பார்க்கிறவன் இல்லப்பா. உன் வேலையைப் பார்த்துட்டு உடனே போயிடறேன்" என்றார். பால்கனியில் கடைசி வரிசையில், ஆபரேட்டர் ரூமுக்குக் கீழே உட்கார வைத்தேன். கேட் திறந்தது. லைட் துடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

4. மூலையில் இருந்த சூடு

ஒரே ஓட்டமாக மாடிக்கு ஓடினேன். சாத்தியிருந்த ஆபரேட்டர் ரூம் கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்ததும் மூக்கில் ஏறியது வாசனை. கருவாட்டுக் குழம்பு. சுடச்சுட.

மூலையில் பார்த்தேன். பெரியவர் தலைமேல் டிபன் கேரியர் உட்கார்ந்திருந்தது. சட்டத்தைத் தொட்டேன். ஐயோ! கை பொசுங்கிவிட்டது. லைன் துண்டித்த டிம்மர் எப்படிச் சுடும்?

"அண்ணே!"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "கோச்சுக்காத தாவூது. வீட்டுச் சாப்பாடு பன்னெண்டு மணிக்கு வருது. முதல் ரீலை ஓட விட்டுட்டுதான் நான் வாயில வைக்கணும். இருபது வருஷமா இது மேல வச்சு சூடா தின்னுட்டேன். ஆறிப்போன கருவாட்டுக் குழம்பை மனுஷன் தின்னுவானா? அதான் சாப்பாடு வந்ததும் வயரைக் கொஞ்சம் இப்படி இழுத்து..."

புது டிம்மருக்கு முன்னால், அதே லைனில், பெரியவரையும் மாட்டியிருந்தார்! அந்தச் சுருள் கம்பி வழியாகக் கரண்ட் வந்தால், எப்போது திறக்கணும் எப்போது மூடணும் என்று எலக்ட்ரானிக் சாமானுக்குக் கணக்கு தப்பிவிடும். ரெண்டும் நல்ல டிம்மர்தான். ஒரே லைனில் போட்டதுதான் வினை. காலையில் சாப்பாடு இல்லை, அதனால் துடிப்பும் இல்லை.

கழுத்தைப் பிடிக்கலாமா என்று இருந்தது எனக்கு. அதற்குள் படியில் முதலாளி செருப்புச் சத்தம். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு மூன்று பெண்கள். இரண்டாவது பெண் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம்.

"என்னடா கோளாறு?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"பழசைச் சரியா பிரிக்காம விட்டுட்டேன் முதலாளி. என் தப்புதான்."

"ஒரு வாரமா இதைக் கண்டுபிடிக்கத் தெரியலையா? நீயெல்லாம் எலக்ட்ரீஷியனா?" அவர் கத்தின கத்து பால்கனிக்குக் கேட்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. பர்மனென்ட் என்ற பேச்சை இனி எடுக்காதே என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வயரைப் பிடுங்கிப் புது டிம்மருக்கு நேராக மாட்டினேன். துடிப்பு நின்றது. மூன்றாவது மணிக்கு லைட் அழகாக இறங்கியது. என் கல்யாணமும் அதோடு இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

5. இடைவேளை

உடனே போகிறேன் என்ற மாமு இடைவேளை வரை அசையவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"கோளாறு கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன் மாமு."

"யார் பண்ணது?"

"நான்தான்."

மாமு முறுக்கை ஒரு கடி கடித்தார். "லைட்டு துடிச்சப்ப மேல ஓட்டை வழியா கருவாட்டுக் குழம்பு வாசனை ஜாஸ்தியா வந்துச்சே. அதுவும் நீ பண்ணதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சரி, சரி. அடுத்த வெள்ளிக்கிழமை உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. இப்ப தள்ளு, படம் போடப் போறான்."

அடுத்த நாள் பெரியவரை ஹால் லைனிலிருந்து அடியோடு பிரித்து, மாடிப்படி பல்புகளுக்குத் தனியாகக் கொடுத்துவிட்டேன். படிக்கட்டில் வெளிச்சம் கொஞ்சம் மங்கல், குழம்பு நல்ல சூடு. ஹாலில் அப்புறம் ஒரு நாளும் துடிக்கவில்லை. முதலாளியின் கோபம் தணிய நாலு மாசம் ஆனது. ஒருநாள் பர்மனென்ட் ஆர்டரை அவரே என் சட்டைப்பையில் சொருகிவிட்டுப் போனார், திட்டிக்கொண்டேதான்.

இப்போது பசங்கள் போனிலேயே லைட்டைக் குறைக்கிறார்கள். போன வருஷம் வாங்கின ஸ்விட்சோடு இந்த வருஷத்து ஸ்விட்ச் ஒத்துப்போகவில்லை என்று என்னிடம் வருகிறார்கள். நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: பழசு அந்த வீட்டில் வேறு என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது? அதை விசாரிக்காமல் வயரை வெட்டாதே.

கல்யாணம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பின அன்று, கையில் என் வீட்டுக்காரி கொடுத்தனுப்பின டிபன் கேரியர். அண்ணன் உடனே பெரியவர் தலைமேல் இருந்த தன் கேரியரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, எனக்கும் இடம் விட்டார்.