அப்பாவை மாடியிலிருந்து இறக்கியது

என் தம்பி வீட்டு வாசலில் ஒரு சாய்தளம் கட்டினான். சக்கர நாற்காலி ஏறுவதற்கு. அதைப் பார்த்த அன்றைக்கே அவனோடு பேச்சை நிறுத்தியிருப்பேன். அப்பா அவன் கையில் இருந்ததால் நிறுத்த முடியவில்லை.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் அந்த வீடு இருக்கிறது. அரசு பஸ் டிரைவராக இருந்த அப்பா ஓய்வு பெற்றதும் கட்டியது. கீழே இரண்டு அறை, மாடியில் ஒரு அறை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் கோபம் தனி. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்க இடம் தேடும் பகுதி அது. தம்பி வேங்கிக்காலில் தனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டு போனபின், கீழ்வீட்டை அவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தான்.

"சீசன் முடியற வரைக்கும் மேல இருங்கப்பா. காத்து ஜாஸ்தியா வரும்" என்று சொல்லித்தான் அப்பா, அம்மா இருவரையும் மாடிக்கு ஏற்றினான். சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் வந்தது. அவர்கள் மேலேயே இருந்தார்கள்.

வெளிப்பக்கமாக ஏறும் குறுகலான படி. மொத்தம் பதினேழு. கைப்பிடி கிடையாது. ஒருநாள் காலையில் மாடிக் குளியலறையில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து அனுப்பும்போது டாக்டர் என்னிடம், "குத்துக்கால் போட்டு உக்காரவே கூடாது. படி ஏற விடாதீங்க" என்றார். தம்பியும் பக்கத்தில்தான் நின்றான். தலையை ஆட்டினான். பிறகு ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டு, அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். பாதிப் படியில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. "டேய், பொணத்தக்கூட இப்படித் தூக்க மாட்டானுங்கடா!" என்று அப்பா கத்தினார்.

அதன்பின் எட்டு மாதம் அவர் கீழே இறங்கவே இல்லை.

மேலே இருந்தது தரையோடு பதித்த பழைய கழிப்பிடம். நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலியை அதன்மேல் வைத்து அம்மா சமாளித்தாள். அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன. குடிதண்ணீர், மாவு, மாத்திரை எல்லாம் வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறுவாள். கீழ்வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது. சுடுதண்ணீர் இருந்தது. பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பிகூட இருந்தது.

சக்கர நாற்காலியில் ஒரு வெளிநாட்டு அம்மாள் மூன்று மாதம் தங்க வரப்போகிறாள் என்றதும், நாலே நாளில் சாய்தளம் கட்டி, வழுக்காத டைல்ஸ் ஒட்டி முடித்தான்.

நான் கேட்டேன். "மேல ஒரு கம்பி போடுடான்னு எத்தனை மாசமா சொல்றேன்? அப்பாவுக்குன்னா ஆவல, இதுக்கு மட்டும் எப்படிடா ஆச்சு?"

"அக்கா, அவங்க கஸ்டமர். ரிவ்யூ எழுதுவாங்க" என்றான்.

அவன் முகத்தில் வெட்கமே இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீடு திரும்பும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. பக்கத்தில் இருந்த பெண், "இன்னாம்மா, தனியா பேசிக்கினு வர்றீங்க?" என்று கேட்டாள்.

நீ ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்கலாம். கேட்டார்கள். கீழ்பென்னாத்தூரில் எங்களுடையது இரண்டு அறை வீடு. ஒன்றில் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். வேங்கிக்கால் ஆபீசில் எனக்கு வேலை. காலையில் அவருக்குத் துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு ஓடுவேன். இடமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்லும்போதெல்லாம் தம்பியின் குரல் என் வாயிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

ஆபீசுக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு தேடினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கணக்கு. முதல் வீட்டுக்காரர் நல்ல மனிதர்போல் பேசினார்.

"எத்தினி பேருங்க?"

"அப்பா அம்மா, ரெண்டே பேருங்க."

"வயசானவங்களா?" என்று இழுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. வீடு கட்டிக் குடி வந்து ஆறு மாசம்தான் ஆவுது. ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சின்னா அப்புறம் யாரும் வாடகைக்கு வர மாட்டாங்க."

இன்னும் இரண்டு இடத்தில் வீட்டைத் திறந்துகூடக் காட்டவில்லை. நாலாவதாக ஒரு அம்மா வீட்டைக் காட்டினாள். வாசலில் ஒரே படி. குளியலறை அகலம். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "குடுக்கிறேம்மா. ஒரே ஒரு விஷயம். ரொம்ப முடியலன்னு தெரிஞ்சா முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிடணும். உயிர் இங்க போவக் கூடாது. அத மட்டும் வாக்கு குடு."

நான் "சரிங்க" என்றேன்.

ஆமாம், சொன்னேன். என் அப்பா எங்கே சாகக் கூடாது என்று ஒரு அந்நியப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ஆபீசுக்குத் திரும்பி வந்து ஃபைலைத் திறந்தேன். சாயங்காலம் அவளுக்குப் போன் செய்து, "உங்க வீடு வேணாங்க. எங்கப்பா எப்ப சாவாருன்னு உங்களுக்கு எழுதிக் குடுக்க முடியாது" என்றேன். அவள் "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றாள். அவள்மீது வந்ததைவிட அந்தச் "சரிங்க" மீதுதான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

கீழே தங்கியிருந்த அந்த வெளிநாட்டு அம்மாள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது மேலே கைகாட்டி, எளிய ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் ஏன் கீழே வருவதே இல்லை? படி ஏறி இறங்க முடியாது என்றேன். அப்படியானால் ஏன் கீழே குடியிருக்கக் கூடாது என்றாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். மேலே போய் அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம், பெற்றவர்களைப் பார்க்காத பிள்ளைமேல் நடவடிக்கை எடுப்பார்கள் என்று அன்று மறுபடியும் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "பெத்த புள்ள மேல புகார் குடுக்கச் சொல்றியா? வாய மூடு" என்றார். அம்மா கேட்டபடியே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அந்த அம்மாள் ஊருக்குப் போனாள். போகும்போது சாவியை அம்மாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை அம்மா எனக்குப் போன் செய்தாள். "ஆபீசுக்கு லீவு போடு. ஆட்டோ ஸ்டாண்ட்ல சொல்லி நாலு பேர இட்டுக்கினு வா."

நான் போய்ச் சேர்வதற்குள் அவள் தெருப் பையன்களைக் கூப்பிட்டு அடுப்பையும் சிலிண்டரையும் கீழே இறக்கவைத்திருந்தாள். தானும் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி வந்திருந்தாள். புடவையின் பின்பக்கம் முழுக்கத் தூசி. இந்தமுறை அப்பாவை நாற்காலியோடு துணியால் கட்டி, பத்திரமாக இறக்கினார்கள். வாடகைக்கு எடுத்து வந்த சக்கர நாற்காலியில் அவரை உட்காரவைத்து, சாய்தளத்தில் உள்ளே தள்ளிக்கொண்டு போனது நான்தான்.

தம்பி மதியம் பைக்கில் வந்தான். யார் சொல்லியிருப்பார்களோ தெரியவில்லை.

"இன்னாம்மா இது? நாளன்னிக்கு ஆள் வர்றாங்க. ஆன்லைன்ல புக் பண்ணியாச்சு!"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "மேல தங்கட்டும். காலு நல்லா இருக்கிறவங்கதானே?"

"அங்க வெஸ்டர்ன் டாய்லெட் இல்லம்மா!"

"உங்கப்பனுக்கும் இல்லதான். எட்டு மாசம் இருந்தாரு."

"வீடு என் பேர்ல இருக்குது, தெரியும்ல?"

அப்போதுதான் அம்மா எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். "தெரியும். போலீஸ இட்டுக்கினு வா. பெத்தவங்கள வெளிய தள்ளுன்னு நீயே அவங்ககிட்ட சொல்லு. நான் இங்கியே உக்காந்துக்கினு இருக்கிறேன்."

அவன் என்னை முறைத்தான். "எல்லாம் உன் வேலை" என்றான். ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அது என் வேலை இல்லை. எட்டு மாதம் மனுவைப் பற்றிப் பேசினேன், வாடகை வீடு தேடினேன், பஸ்ஸில் தனியாகப் பேசினேன். அந்தச் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தது அம்மா.

அவன் போலீசைக் கூட்டிவரவில்லை. வந்தவர்களை வேறு எங்கோ தங்கவைத்தான். என்னோடு இன்றுவரை பேசுவதில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் காலையில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, நடக்கப் பழக்கிவிட்டுப் போகிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் தானே டாய்லெட்டுக்குப் போகிறார். சாயங்காலம் கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து, தெருவில் போகும் வண்டிக்காரர்களை "ஹாரன் அடிச்சித் திரும்புடா" என்று அதட்டுகிறார்.

போன வாரம் அவருக்குக் கஞ்சி கொடுத்தபோது சொன்னார்: "பாவம்மா அவன். நம்மளால அவனுக்கு வருமானம் போச்சு."

கிண்ணத்தை ஓசைப்பட வைத்தேன். "அப்படி இன்னொரு தடவ சொன்னீங்கன்னா நானே உங்கள மேல ஏத்தி உட்டுடுவேன்" என்றேன். அப்பா பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.