அப்பாவுக்காகப் பேசியவர்

என் அப்பா ஒரே ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார். கேரள எல்லையை ஒட்டிய பனச்சமூட்டில் ஆட்டோ ஓட்டியவர் அவர். எல்லைக்கு அப்பால் ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டில் மலையாளப் படம் ஒன்று எடுத்தார்கள். அவர்களுக்குச் சவாரி ஓட்டப் போனவரின் மூக்கு கதாநாயகனின் மூக்கைப் போலவே இருக்கிறது என்று பிடித்து நிறுத்திவிட்டார்கள். தலையைச் சுற்ற வைக்கும் விஞ்ஞானக் கதை. ஒருவன் வீடு திரும்பும்போது, அவனைப் போலவே இன்னொருவன் உள்ளே குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பான். மனைவிக்கு வித்தியாசம் தெரியாது. காலம் முன்னும் பின்னும் புரண்டு, வயதாகிப்போன கதாநாயகன் மழையில் நின்று கதவைத் தட்டுவான். அந்தக் கிழவன்தான் அப்பா. ஒரே வசனம்: "ஞானா, வாதில் துறக்கு." நான்தான், கதவைத் திற.

படம் வெளியாவதற்கு முன்பே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். நானும் அம்மாவும் நெய்யாற்றின்கரைக்குப் போய்ப் பார்த்தோம். திரையில் அப்பாவின் முகம் வந்தது. வாய் திறந்தது. வேறு யாரோ பேசினார். எல்லைக்காரர்களின் மலையாளத்தில் தமிழ் இழுக்குமாம், அதனால் வேறு ஆளை வைத்து டப்பிங் பேச வைத்திருக்கிறார்கள். மூக்கு வேண்டும், நாக்கு வேண்டாம்! நல்ல கனத்த குரல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது அவருக்க சத்தம் இல்ல ஆக்கும்" என்றாள், பின்வரிசைக்கும் கேட்கும்படி.

எங்கள் சபைக் குடும்பங்களில் இறந்தவருக்கு ஆண்டுதோறும் வீட்டில் நினைவு ஜெபம் வைப்போம். ஜெபம் முடிந்து சாயா கொடுக்கும்போது, "அந்த சினிமாவக் காட்டு பிள்ளே" என்பார்கள் சொந்தக்காரர்கள். வேறு எதைக் காட்டுவது? அப்பா போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். கல்யாண வீடியோக்களில் எல்லாம் அவர் வாய் மட்டும் அசைகிறது, மேலே பாட்டு ஓடுகிறது. ஆகவே வருஷாவருஷம் அந்தக் காட்சியையே போட்டோம். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, "சாப்பிட்டியா மக்கா" என்று அப்பா கேட்பதை நினைத்துப் பார்த்தேன். டப்பிங்காரரின் குரல் கேட்டது. பதறிப்போனேன். அப்பா என்னைத் திட்டியது, பாட்டு முணுமுணுத்தது எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த ஆளே உட்கார்ந்து பேசினார். பழைய குரலை எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தியேட்டரில் ஓடாத அந்தப் படத்துக்கு, பிற்பாடு எப்படியோ ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்த வருஷம் சிறப்புப் பதிப்பாக டிஸ்க் வெளியிட்டார்கள். தகரப் பெட்டி, படங்கள் நிறைந்த புத்தகம், வெட்டிய காட்சிகள் என்று ஏதேதோ. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. டப்பிங் செய்வதற்கு முன் படப்பிடிப்பிலேயே பதிந்த ஒலியோடும் படத்தைப் பார்க்கலாம் என்று பெட்டியின் பின்னால் போட்டிருந்தது. அப்பா அதற்குள் இருக்கிறார்!

நினைவு ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு, இரவல் வாங்கிய பிளேயரில் டிஸ்கைப் போட்டேன். "அப்பாக்க சொந்தச் சத்தம் இதுல உண்டு அம்மா" என்றேன். அம்மா எழுந்துபோய் முகம் கழுவி, தலை சீவி, வேறு சேலை உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது.

வெளியே மழை. படத்திலும் மழை. அப்பா கதவைத் தட்டினார்.

"ஞானா, வாதில் துறக்கு."

மெலிந்த குரல், மூக்கால் வந்து, கடைசியில் நம் ஊர்த் தமிழாக இழுத்தது. கேட்டதும் அப்படியே நெஞ்சில் வந்து ஒட்டும் என்று இருந்தேன். எதுவும் ஒட்டவில்லை. என் அப்பாவின் முகத்துக்குள் யாரோ ஒளிந்திருந்து பேசுவதுபோல இருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கூட வாழ்ந்தவள், அவளுக்குத் தெரியாமல் போகுமா?

அம்மா கண்ணைச் சுருக்கினாள். "ஆராக்கும் இது?"

"அப்பாதான். இதுதான் அவருக்க அசல் சத்தம்."

"போ பிள்ளே." டிவியை இரக்கத்தோடு பார்த்தாள். "பாவம், ஆரோ ஒரு மனுஷன். அது நிக்கட்டு. நீ அவருக்க சத்தத்தப் போடு மக்கா."

எனக்கே நிச்சயமில்லை. ரிமோட்டை எடுத்து ஒலியை மாற்றினேன், காட்சியைப் பின்னால் ஓட்டினேன். அப்பா மறுபடி வந்து தட்டினார். கனத்த குரலில் கூப்பிட்டார்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"இந்தா வாறேன்" என்றாள்.