தவளைக்குப் போட்ட காலுறை

நான் சொல்லிக்கொடுக்கும் ரவாங் பாலர் பள்ளியில் பாடத்துக்காக வாங்கிய ரப்பர் தவளையின் வாடை, இன்று செம்பனைக் காடாகிவிட்ட எங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கே என்னை இழுத்துப் போனது. அங்கே பால்மரம் வெட்டும் அம்மாவின் வாளியடியில் மிஞ்சிய ரப்பர் பாலில் விரல்களைத் தோய்த்து, ஊதிக் காயவைத்து, கையுறை போல உரித்தெடுப்பதுதான் எங்கள் அன்றாட விளையாட்டு. ஒருநாள் ஒரு தவளைக்குக் காலுறை போடுகிறேன் என்று அதன் பின்னங்கால்களைத் தோய்த்தேன். பால் காய்ந்ததும் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

"அக்கா, அதால குதிக்க முடியலக்கா!" என்று தங்கை அழுதாள். முன்னங்கால்களால் மட்டும் அது உடம்பை இழுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போனதை நான் சிரித்துக்கொண்டே பார்த்தேன்.

"தவளை எதால குதிக்கும்?" என்று இன்று வகுப்பில் கேட்டேன்.

"பின்னங்கால்!" என்று கத்திக்கொண்டே எல்லாரும் குதித்தார்கள்.

"டீச்சர், நீங்க மட்டும் ஏன் குதிக்கல?" என்றாள் ஒருத்தி.